தலை முதல் பாதம் வரை
(கிராம சுகாதார செவிலியர்களுக்கும் பெண் சுகாதாரத் தன்னார்வலர்களுக்கும் ஆற்றிய உரை)



வீட்டு வாசலில் நின்று, "என்னம்மா, உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டால் நம் ஊர்த் தாய்மார் என்ன பதில் சொல்லுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். கொஞ்சம் அசதி, அவ்வளவுதான்." அந்தக் கொஞ்சம் அசதிக்குள்ளே இரத்தசோகை இருக்கலாம். சர்க்கரை நோய் இருக்கலாம். தைராய்டுக் கோளாறு, காசநோய், இருதயக் கோளாறு, ஏன், வெளியே சொல்ல முடியாத மனக்கவலையும் இருக்கலாம். வாய் ஒன்றைச் சொல்லும், உடம்பு இன்னொன்றைச் சொல்லும். உடம்பு சொல்லுவதைத் தலையில் தொடங்கிப் பாதம் வரை ஒரு வரிசையாகக் கேட்பது எப்படி என்பதே இன்று நாம் பேசப்போவது.

யாருடைய உடம்பு என்பதையும் முதலில் சொல்லிவிடுகிறேன். கர்ப்பிணித் தாயை நாம் விடாமல் பார்க்கிறோம். எடை, இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், ஊசி எல்லாம் கணக்காக நடக்கிறது. பிள்ளை பிறந்தபின் பிள்ளைக்குத் தடுப்பூசி. தாய்க்குக் குடும்பநல அறுவை சிகிச்சை. அதோடு அந்த அம்மாள் மெல்ல நம் கண்ணிலிருந்து மறைந்துபோகிறார். தகுதியுள்ள தம்பதியர் பதிவேட்டில் அவர் வயது தாண்டிவிட்டது, தாய் சேய் பதிவேட்டில் அவருக்கு வேலையில்லை. வீட்டில் எல்லாருக்கும் மருந்து எடுத்துக் கொடுப்பவர் அவர்தான், அவரை உட்கார வைத்துப் பார்த்தவர் யாருமில்லை. 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் "மக்களைத் தேடி மருத்துவம்" தொடங்கிய பிறகு நிலைமை ஓரளவு மாறியிருக்கிறது. இரத்த அழுத்தக் கருவியும் சர்க்கரை பார்க்கும் கருவியும் வீட்டுக்கே வருகின்றன. நல்லது. ஆனால் கையில் பட்டையைச் சுற்றி, விரலில் ஒரு துளி இரத்தம் எடுத்து, இரண்டு எண்ணை எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டால், அந்த அம்மாளை நாம் பார்த்ததாக ஆகாது. கருவியைத்தான் பார்த்தோம்.

தலை முதல் பாதம் வரை என்று வரிசை வைத்தது அழகுக்காக அல்ல. வலிக்கிற இடத்தை நோயாளியே காட்டிவிடுவார். வலிக்காத இடம், வெட்கப்படுகிற இடம், தன் கண்ணுக்கு எட்டாத இடம், இவற்றை அவர் காட்டமாட்டார். வரிசை தப்பாமல் போகிறவருக்குத்தான் அவை தென்படும்.

தொடங்குவதற்கு முன் சில காரியங்கள் உண்டு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அதை அவர் பார்க்கும்படி கழுவுங்கள். குளிர்ந்த கையை உரசிச் சூடாக்கிக்கொள்ளுங்கள். வெளிச்சம் வேண்டும், அதுவும் பகல் வெளிச்சம். கண்ணின் லேசான மஞ்சள் டியூப்லைட் வெளிச்சத்தில் ஏமாற்றிவிடும். கதவைச் சாத்துங்கள், கதவில்லை என்றால் ஒரு புடவையைக் கட்டித் திரை போடுங்கள். ஆண்பிள்ளைகளையும் பக்கத்து வீட்டுக்காரரையும் சற்று வெளியே இருக்கச் சொல்லுங்கள். "இப்ப வயித்தத் தொட்டுப் பாக்கப் போறேன், சரியாம்மா?" என்று ஒவ்வொன்றுக்கும் முன்னால் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். கேள்வியை அவரிடமே கேளுங்கள், மருமகளிடமோ மாமியாரிடமோ கேட்காதீர்கள். பார்க்கும் பகுதியை மட்டும் விலக்கி, பார்த்து முடிந்ததும் மூடிவிட்டு அடுத்ததற்குப் போகவேண்டும்.

வெட்கம் என்றதும் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. நாம் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் ஸ்டெதாஸ்கோப் பிறந்ததே ஒரு வெட்கத்தினால்தான். அதற்கு முன்பெல்லாம் டாக்டர்கள் நோயாளியின் மார்பில் நேராகக் காதை வைத்துக் கேட்பது வழக்கம். 1816-இல் பாரிஸ் நகரத்து லென்னக் என்ற டாக்டரிடம் ஓர் இளம்பெண் வந்தார். அவர் மார்பில் காதை வைக்கக் கூச்சப்பட்ட டாக்டர், தாளைக் குழலாகச் சுருட்டி அதன் வழியாகக் கேட்டார். காதால் கேட்டதைவிடத் தெளிவாகக் கேட்டது. ஆகவே, நோயாளியின் கூச்சத்தை மதிப்பது பரிசோதனைக்குத் தடை என்று யாரும் எண்ண வேண்டாம்.

உண்மையில் நீங்கள் வீட்டுக்குள் நுழையும்போதே பரிசோதனை தொடங்கிவிடுகிறது. அவர் எப்படி எழுந்து வருகிறார்? கையை ஊன்றித்தான் எழுகிறாரா? நாலு அடி நடந்ததற்கே மூச்சு வாங்குகிறதா? ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடிகிறதா, நடுவில் நிறுத்தி மூச்சு விடுகிறாரா? போனமுறை வந்தபோது பொருத்தமாக இருந்த ரவிக்கை இப்போது தொளதொளவென்று இருக்கிறதா? கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்லுகிறாரா, நாள் கிழமை தெரிகிறதா? இத்தனையும் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடிக்கும் நேரத்தில் தெரிந்துவிடும்.

அடுத்து நாடி. மணிக்கட்டில் பெருவிரல் பக்கம் மூன்று விரலால் பாருங்கள். உங்கள் பெருவிரலால் பார்க்கக்கூடாது, அதில் உங்கள் நாடியே துடிக்கும். வயது வந்தவருக்கு ஓய்வில் நிமிடத்திற்கு 60 முதல் 100 வரை. பதினைந்து வினாடி எண்ணி நாலால் பெருக்குவது அவசரக்காரர் வழி. தாளம் தப்புகிறதா என்பது முழு நிமிடம் எண்ணினால்தான் பிடிபடும். தாளம் தப்பிய நாடி பக்கவாதத்திற்கு முன்னோடியாக இருக்கக்கூடும் என்பதால் இதில் சிக்கனம் வேண்டாம். எண்ணி முடித்தபின் கையை விடாமல், நாடி பார்ப்பது போலவே இருந்துகொண்டு மூச்சை எண்ணுங்கள். "மூச்ச எண்ணப் போறேன்" என்று சொல்லிவிட்டால் யாருக்கும் மூச்சு இயல்பாக வராது. 12 முதல் 20 வரை சரி.

இரத்த அழுத்தத்தில்தான் நிறையத் தவறு நடக்கிறது. வெயிலில் தண்ணீர்க் குடம் சுமந்து வந்தவரைத் திண்ணையில் உட்கார வைத்து உடனே பார்த்தால் எண் கூடித்தான் காட்டும். ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரட்டும். முதுகுக்குச் சாய்மானம், கால் இரண்டும் தரையில், காலின் மேல் கால் போடக்கூடாது. அரைமணிக்குள் காப்பி, டீ, வெற்றிலை புகையிலை கூடாது. சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தால் போய்விட்டு வரட்டும். கை இருதய மட்டத்தில் ஒரு தலையணைமேல் இருக்கட்டும். இறுக்கமான ரவிக்கைக் கையின்மேல் பட்டையைச் சுற்றாதீர்கள், கையை மேலே திரைத்து இறுக்கியும் வைக்காதீர்கள். பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டால் இல்லாத அழுத்தத்தை இருப்பதாகக் காட்டும். பார்க்கும்போது நீங்களும் பேசவேண்டாம், அவரும் பேசவேண்டாம். 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் சற்றுப் பொறுத்து மறுபடி பார்த்து, இன்னொரு நாளும் பார்த்த பிறகே பேச்சு. 180/120-க்கு மேல் இருந்து, கூடவே மார்வலி, கடுந்தலைவலி, மூச்சுத்திணறல், பார்வை மங்கல் என்று ஏதேனும் இருந்தால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

இனி தலை. பேன், புண், கட்டி, முடி கொட்டுதல் இவற்றைப் பார்த்துவிட்டு முகத்துக்கு வாருங்கள். "பல்லைக் காட்டும்மா" என்றால் வாய் ஒரு பக்கம் இழுக்கிறதா? இரண்டு கையையும் முன்னே நீட்டிக் கண்ணை மூடச் சொன்னால் ஒரு கை தானாகக் கீழே இறங்குகிறதா? பேச்சு குழறுகிறதா? இன்று காலைதான் இப்படி என்றால் அங்கேயே பரிசோதனையை நிறுத்திவிட்டு 108-க்குப் போன் செய்யுங்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி, அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போடவேண்டியது. எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று கேட்டுச் சீட்டில் எழுதி அனுப்புங்கள்.

முகத்து நிறத்தை நம்பாதீர்கள். மஞ்சள் பூசிய முகத்தில் வெளுப்பும் தெரியாது, காமாலையும் தெரியாது. வெற்றிலை போட்ட நாக்கு சிவப்பாகத்தான் இருக்கும். மருதாணி வைத்த நகமும் அப்படியே. ஆகவே கீழ் இமையை மெல்ல இறக்கி உட்புறத்தைப் பாருங்கள், அங்கே பூச்சு ஏதுமில்லை. மருதாணி படாத உள்ளங்கை ரேகைகளையும் பாருங்கள். தேசிய குடும்பநல ஆய்வின்படி 2019–21-இல் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. நூறு பேரில் ஐம்பத்து மூன்று பேர் என்றால், நீங்கள் போகும் தெருவில் ஒரு வீடு விட்டு ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளலாம். கண்ணால் பார்ப்பது ஐயம் கொள்வதற்குத்தான், முடிவு செய்வதற்கு ஹீமோகுளோபின் பார்க்கவேண்டும். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் சோகை. குறைவு என்று தெரிந்தால் மாத்திரையைக் கொடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். மாதவிலக்கு அதிகமா, மூலத்தில் இரத்தம் போகிறதா, மலம் கறுப்பாகப் போகிறதா என்று கேளுங்கள். ஓட்டையை அடைக்காமல் குடத்தில் தண்ணீர் ஊற்றி என்ன பயன்?

வாயைப் பற்றி நான் கொஞ்சம் நீட்டித்தான் பேசப்போகிறேன். டார்ச் அடித்துத் தொண்டையை ஒரு பார்வை பார்த்துவிட்டு "சரி" என்று சொல்லுவது வழக்கமாகிவிட்டது. வெற்றிலையைத் துப்பிவிட்டு வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கள், பல்செட் இருந்தால் கழற்றச் சொல்லுங்கள். இரு கன்னங்களின் உட்புறம், நாக்கின் ஓரங்கள், நாக்கைத் தூக்கி அதன் அடி, உதட்டின் உள்பக்கம், எல்லாவற்றையும் பாருங்கள். புகையிலையை எந்தப் பக்கம் அடக்கி வைப்பீர்கள் என்று கேட்டு அந்தப் பக்கத்தை இரண்டு தடவை பாருங்கள். சுரண்டினாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு, இரண்டு வாரத்திற்கு மேல் ஆறாத புண், தடிப்பு, இவை வலிக்காவிட்டாலும் டாக்டர் பார்த்தாக வேண்டும். வாயை அகலத் திறக்கச் சொல்லுங்கள். அவருடைய மூன்று விரல் செங்குத்தாக நுழையவேண்டும். நுழையவில்லை என்றால், காரம் பட்டால் எரிகிறது என்றும் சொன்னால், பாக்கு தன் வேலையைக் காட்டிவிட்டது என்று பொருள். பாக்கில் புகையிலை இல்லையே, அதனால் கெடுதல் இல்லை என்று நினைப்பவர்கள் பலர். வெறும் பாக்கே புற்றுநோய்க்குக் காரணமாகும்.

கழுத்தில் இரண்டு வேலை. ஒரு மடக்குத் தண்ணீரை விழுங்கச் சொல்லிப் பாருங்கள், கழுத்தின் முன்புற வீக்கம் விழுங்கும்போது மேலே ஏறி இறங்கினால் அது தைராய்டாக இருக்கலாம். பிறகு காதுக்குக் கீழே, தாடைக்கு அடியில், காறையெலும்புக்கு மேலே விரலால் தடவி நெறிகட்டி இருக்கிறதா என்று பாருங்கள். நாட்பட்ட நெறிகட்டியோடு எடைக் குறைவும் மாலைக் காய்ச்சலும் இருந்தால் சளியில்லாவிட்டாலும் காசநோயை நினையுங்கள். இருமல் இரண்டு வாரம் தாண்டியிருந்தால் சளிப் பரிசோதனை கட்டாயம்.

இப்போது மார்பகம். கட்டி இருப்பது பல தாய்மாருக்கு மாதக்கணக்கில் தெரிந்தே இருக்கும். "வலிக்கலியேம்மா, அதான் சும்மா இருந்துட்டேன்" என்பார்கள். சகோதரிகளே, இந்த ஒரு வாக்கியம் எத்தனையோ உயிரைக் குடித்திருக்கிறது. மார்பகப் புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. ஆகவே வலியில்லாத கட்டிதான் அவசரமானது என்று நாம் ஊர் ஊராகச் சொல்லவேண்டும். பயிற்சி பெற்ற செவிலியர், நோயாளியைப் படுக்க வைத்து, பார்க்கும் பக்கத்துக் கையைத் தலைக்குமேல் வைக்கச் சொல்லி, நடு மூன்று விரல்களின் தட்டையான பகுதியால் சிறு வட்டமாக, ஒரு இடமும் விடாமல், அக்குள் வரை பார்க்கவேண்டும். அதற்கு முன் உட்கார வைத்துக் கண்ணால் பாருங்கள். தோலில் குழி, ஆரஞ்சுத் தோல்போலச் சொரசொரப்பு, புதிதாக உள்ளிழுத்த காம்பு, காம்பிலிருந்து இரத்தக் கசிவு இருக்கிறதா? தன்னார்வலச் சகோதரிகள் தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை. கேட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்து வந்தால் அதுவே பெரிய சேவை. 30 வயது தாண்டிய பெண்களுக்கு மார்பகமும் கருப்பை வாயும் அங்கே பார்க்கப்படுகின்றன.

மார்பைக் கேட்பதற்கு முன்னேயும் பின்னேயும் ஸ்டெதாஸ்கோப்பை வைக்கவேண்டும். இடது, உடனே அதே மட்டத்தில் வலது, என்று ஒப்பிட்டுக் கேளுங்கள். துணிமேல் வைத்தால் துணியின் சத்தம்தான் கேட்கும். முதுகைத் திருப்பிப் பார்க்கும்போது தோலையும் பாருங்கள். தேமல் என்று விட்டுவிட்ட வெளிறிய திட்டில் பஞ்சால் தொட்டால் உணர்ச்சி இருக்கிறதா? கண்ணை மூடச் சொல்லித் தொடுங்கள். தொழுநோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையைத் தாண்டிவிட்டதாக 2005-இல் நாட்டளவில் அறிவித்தோம். அதற்காக நோயே இல்லை என்று ஆகிவிடாது, புதிய நோயாளிகள் இன்னும் வருகிறார்கள். மருந்து இலவசம், நோய் முற்றிலும் குணமாகும். படுத்த படுக்கையாக இருப்பவர் என்றால் முதுகின் அடிப்பகுதி, இடுப்பெலும்பு, குதிகால் ஆகிய இடங்களில் அழுத்தினாலும் நிறம் மாறாத சிவப்பு அல்லது கறுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். படுக்கைப்புண் அப்படித்தான் தொடங்கும். மாநிற உடம்பில் சிவப்புத் தெரியாது, தொட்டுப் பார்த்துச் சூடும் கெட்டியும் உணரவேண்டும்.

வயிற்றுக்கு மட்டும் வரிசை மாறும். மற்ற இடங்களில் பார்த்து, தொட்டு, தட்டி, பிறகு கேட்கிறோம். வயிற்றில் பார்த்தவுடன் கேட்டுவிடவேண்டும், பிறகுதான் தட்டுவதும் தொடுவதும். முதலிலேயே அழுத்தினால் குடலின் சத்தம் மாறிவிடும். முழங்காலை மடக்கிப் படுக்கச் சொல்லுங்கள், வயிறு தளரும். வலிக்கிற இடத்தைக் கடைசியாகத் தொடுங்கள். தொடும்போது உங்கள் கண் வயிற்றின்மேல் இருக்கவேண்டியதில்லை, அவர் முகத்தில் இருக்கட்டும். வாய் "இல்லே" என்று சொன்னாலும் முகம் சுளிக்கும்.

பாவாடை நாடா இறுகும் இடுப்பையும் பார்க்கவேண்டும் என்று சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். வருடக்கணக்கில் ஒரே இடத்தில் இறுகிய நாடா தோலைக் கறுக்க வைத்து, உரித்து, ஆறாத புண்ணாக்கிவிடுகிறது. அபூர்வமாக அது புற்றுநோயாக மாறியதையும் நம் நாட்டு மருத்துவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். நாடாவைத் தளர்த்திக் கட்டுங்கள், அகலமான பட்டை வையுங்கள் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்? இந்த இடத்திலேயே தாழ்ந்த குரலில் இன்னும் மூன்று கேட்டுவிடுங்கள். மாதவிலக்கு நின்றபிறகு எப்போதாவது உதிரம் பட்டதா? நாற்றமுள்ள வெள்ளை போகிறதா? அடியில் ஏதோ இறங்கினாற்போல் இருக்கிறதா? இருமினால் சிறுநீர் கசிகிறது என்பதையும் கருப்பை இறங்கியிருப்பதையும் கணவரிடம்கூடச் சொல்லாமல் பல ஆண்டுகள் கழிப்பவர்கள் உண்டு. வீட்டில் பரிசோதிக்க வேண்டாம், நிலையத்துக்கு அழைத்து வாருங்கள். நின்ற பிறகு பட்ட உதிரம் ஒரு சொட்டானாலும் டாக்டர் பார்க்கவேண்டும்.

காலில் வீக்கம் இருக்கிறதா என்று கணுக்காலுக்குச் சற்று மேலே முன்னெலும்பின்மீது பெருவிரலால் ஐந்து வினாடி அழுத்தி எடுத்துப் பாருங்கள். இரண்டு காலிலும் குழி விழுந்தால் இருதயம், சிறுநீரகம், கல்லீரல், சோகை என்று பல காரணம் இருக்கலாம். இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் அம்லோடிபின் மாத்திரையாலும் கால் வீங்கும். "மாத்திரை சாப்பிட்டா கால் வீங்குது" என்று தாமாகவே நிறுத்திவிட்ட அம்மாக்களை இந்தக் கேள்வியால்தான் கண்டுபிடிக்க முடியும். நிறுத்தவேண்டாம், டாக்டர் மாற்றித் தருவார் என்று சொல்லுங்கள். ஒரு காலில் மட்டும் திடீர் வீக்கமும் கெண்டைக்கால் வலியும் இருந்தால் தேய்த்துவிடாதீர்கள், அன்றே அனுப்புங்கள்.

கடைசியாகப் பாதம். உட்கார்ந்து பார்க்கவேண்டிய இடம். சர்க்கரை நோயாளியின் பாதத்தைக் குனிந்து பார்க்காமல் போனால், நாம் விட்டுவிட்டுப் போவது ஒரு காலையே. உணர்ச்சி போன பாதத்தில் முள் தைத்தாலும் தெரியாது, அடுப்புக் கரி பட்டாலும் தெரியாது. விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாக விலக்கிப் பாருங்கள், சேற்றுப்புண் இருக்கும். குதிகால் வெடிப்பைப் பாருங்கள். மெட்டியை நகர்த்தி அதற்கு அடியில் பாருங்கள். வீங்கிய விரலில் மெட்டி இறுகிப் புண்ணாகியிருப்பது மேலே இருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. கழற்றச் சொல்லத் தயங்குவீர்கள், அவரும் தயங்குவார். "புண் ஆறுற வரைக்கும் பூஜை அலமாரியில வெச்சிருங்கம்மா" என்று சொன்னால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். பாதத்தின் மேற்புறத்திலும் உள்கணுக்காலுக்குப் பின்னாலும் நாடி துடிக்கிறதா? ஒரு பாதம் மட்டும் சில்லென்று இருக்கிறதா? வெறுங்காலில் நடக்கவேண்டாம், வீட்டுக்குள்ளும் செருப்பு போடுங்கள் என்பதை வீட்டார் எல்லாரும் கேட்கும்படி சொல்லுங்கள். இல்லாவிட்டால் வீட்டுக்குள் செருப்பா என்று அவரையே ஏசுவார்கள்.

பார்த்து முடித்ததும் எழுதவேண்டும். "மார்பில் கட்டி" என்று எழுதினால் அடுத்து பார்ப்பவருக்கு ஒன்றும் விளங்காது. "இடது மார்பில், காம்புக்கு மேலே வெளிப்புறம், நெல்லிக்காய் அளவு, கெட்டி, வலியில்லை, நான்கு மாதமாக" என்று எழுதுங்கள். ஒன்றுமில்லாத இடத்தையும் "இல்லை" என்று எழுதுங்கள், ஆறு மாதம் கழித்து அது பேசும். பிறகு கண்டதை நோயாளியிடமே சொல்லுங்கள், பயமுறுத்தாமல், மழுப்பாமல்.

சீட்டு எழுதிக் கொடுத்தால் அவர் போய்விடுவார் என்று எண்ணாதீர்கள். அன்றைக்கு ஆட்டை யார் மேய்ப்பது, பேரப்பிள்ளையைப் பள்ளியிலிருந்து யார் கூட்டி வருவது, பஸ் எத்தனை மணிக்கு, உடன் யார் போவது என்று அங்கேயே உட்கார்ந்து வீட்டாரோடு முடிவு செய்துவிட்டு எழுந்திருங்கள். போகவேண்டிய தேதியைச் சுவரிலுள்ள காலண்டரில் வட்டம் போட்டு, அடுத்த வாரம் அந்த வீட்டுக்குப் போகும்போது முதலில் அந்தக் காலண்டரைப் பாருங்கள்.